சிறு தோட்டா ரைபிள்: பழைய மாதிரியா, புதிய மாதிரியா?

வண்டியாயினும், இயந்திரமாயினும், பழையதை வாங்குவதா புதியதை வாங்குவதா என்னும் கேள்வி எழுவது இயல்பு. பெருந்தொகை கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் கருவிகளில் இக்கேள்விக்கு ஆராய்ந்தே விடை காணவேண்டும். கை தவறினால் உயிர்க்கு அபாயம் விளைக்கும் கருவியாயின் ஆராய்ச்சி இன்னும் அவசியம். .22 போர் ரைபிள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

ரிம்பயர் தோட்டாவின் தன்மை

பெரிய ரைபிளின் தோட்டாவில், தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். ரிம்பயர் தோட்டாவில் அம்மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் பரவியிருக்கும். அடிமுள் அவ்விளிம்பை நசுக்கியவுடன் தீ உண்டாகிறது. நசுங்கும்படி விளிம்பு மெல்லியதாயிருக்க வேண்டுமாதலால், இத்தோட்டாவில் மிகுந்த அழுத்தத்தை உண்டாக்குதல் இயலாது. ஆகவே இது சிறியது, விலை குறைந்தது, தோளில் உதைப்பு மிகக் குறைவு.

1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் .22 ஷார்ட் தோட்டாவை வெளியிட்டனர். இன்று உலகமெங்கும் வழங்கும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் தோன்றியது. சிறியதென்று இதனை அலட்சியம் செய்தலாகாது. இதன் குண்டு ஏறக்குறைய ஒன்றரை மைல் வரை செல்லக்கூடும்.

போல்ட் என்பது கதவின் தாழ்ப்பாள் போன்றது. கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழும். முன் தள்ளித் தாழ்த்தினால் புதிய தோட்டா குழலில் அமைந்து வாய் அடைபடும். உறுப்புகள் சிலவே, ஆதலின் நன்கு பேணப்பட்ட ரைபிள் இரண்டு தலைமுறைக்கும் உழைக்கும்.

ஒரே தொழிற்சாலையின் மூன்று மாதிரிகள்

செக் நாட்டில் உஹெர்ஸ்கி பிராட் என்னும் ஊரிலுள்ள சி-இஸட் தொழிற்சாலையின் ரைபிள்கள் இவ்விஷயத்தை நன்கு விளக்கும். அங்கு நெடுங்காலம் செய்யப்பட்டது 452 என்னும் மாதிரி. 2010-ஐ ஒட்டி 455 வந்தது. அதன் பின்னர் 452-இன் உற்பத்தி நின்றது. 2010-களின் இறுதியில் 457 அதன் இடத்தைப் பெற்றது.

452-இன் குழல் மறையிட்டு இறுக முறுக்கப்பட்டது. அதனை மாற்றுதல் பட்டறைக்காரரின் வேலை. 455-இல் குழலை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். ஆகவே ஒரே ரைபிளில் .22 லாங் ரைபிள், .22 மாக்னம், .17 எச்.எம்.ஆர். ஆகிய தோட்டாக்களுக்குரிய குழல்களை மாற்றி அமைக்க வழி ஏற்பட்டது. 457-லும் இவ்வசதி உண்டு.

பழைய இரண்டிலும் போல்ட் கைப்பிடியை 90 பாகை உயர்த்தவேண்டும்; 457-இல் 60 பாகை போதும். இதனால் தொலைநோக்கியைத் தாழ்வாகப் பொருத்தினாலும் கை தட்டாது. 457-இன் விசையில் இழுப்பின் பாரத்தை மட்டுமன்றி, அது விடுபடுமுன் நகரும் தூரத்தையும் விடுபட்ட பின் ஓடும் தூரத்தையும் திருத்திக்கொள்ளலாம். குறிபார்த்துச் சுடும் போட்டியாளருக்கு இது பெரிய நன்மை. ஆயினும் 457 வகைகளிற் பல, குழலின்மேற் குறிகாட்டி இல்லாமலே விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் தொலைநோக்கிக்கும் தனியே பணம் ஒதுக்கவேண்டும்.

உயிர்க்குரிய வேற்றுமை

எல்லாவற்றிலும் முக்கியமானது காப்புப் பிடியின் திசை. 452, 455 மாதிரிகளில் காப்புப் பிடியை முன்னே தள்ளினால் ரைபிள் சுடாது. பின்னே இழுத்தால் சுடும். 457-இல் இதற்கு நேர் மாறாக, முன்னே தள்ளினால் சுடும். பின்னே இழுத்தால் சுடாது.

ஒரு வீட்டில் தகப்பனாரின் 452-உம், மகன் வாங்கிய 457-உம் இருப்பதாகக் கொள்க. முப்பது ஆண்டு பழகிய கை, புதிய ரைபிளையும் பழக்கத்தினால் முன்னே தள்ளி, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணிக்கொள்ளும். அப்பொழுதே அது சுடத் தயாராகிவிடுகிறது. விலை, அழகு, குறிநேர்மை ஆகியவற்றில் எது உயர்ந்ததாயினும், ஒரே வீட்டில் இவ்விரு வகைகளும் கலந்திருத்தல் நல்லதன்று. காப்புப் பிடி எத்திசையிலிருந்தாலும், குழலின் வாய் மனிதரை நோக்கலாகாது என்பதே முதல் விதி.

பழையதைச் சோதிக்கும் முறை

1. முதலில் தோட்டாப் பெட்டியை நீக்குக. பின்பு போல்டைத் திறந்து, குழலில் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் நிச்சயிக்க.

2. பின்புறத்திலிருந்து வெளிச்சத்தில் குழலைப் பார்க்க. 1920-களின் இறுதிவரை வந்த தோட்டாக்களின் மருந்து, குழலில் உப்பை விட்டுச் சென்றது. அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். குழி விழுந்த குழலைத் துடைத்துச் சரிசெய்ய இயலாது. உள்ளே கரிய வளையம் தோன்றினால் குழல் உப்பியிருக்கலாம், அதனை வாங்கலாகாது.

3. தோட்டா அமரும் வாயின் ஓரத்தைப் பார்க்க. வெறுமனே விசையை இழுத்து விளையாடுவோரிடம் இருந்த ரைபிளில், அடிமுள் அவ்வோரத்தில் மோதிப் பள்ளமிட்டிருக்கும்.

4. அதிவேகத் தோட்டாக்கள் 1930-ஐ ஒட்டியே வழக்கிற்கு வந்தன. அதற்கு முற்பட்ட ரைபிள்களில் அவற்றை இடுதல் ஆபத்து.

5. எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் அமெரிக்காவில் செய்யப்பட்ட மலிவான .22 ரைபிள்கள் பலவற்றில் எண்ணே இல்லை. எண் இல்லாததைப் பதிவு செய்வதில் தொல்லை உண்டாகும்.

சட்டமும் முடிவும்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றி இத்தகைய ரைபிளை வைத்திருத்தல் குற்றமாகும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், சாதாரண லைசென்ஸ்தாரர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டமையால், இங்கு இதன் முக்கிய உபயோகம் குறிபார்த்துச் சுடும் விளையாட்டே. இருக்கும் இடம் இரண்டேயாதலின், தவறான தெரிவு நெடுநாள் வருத்தும்.

சுருங்கக் கூறின், குழல் சுத்தமாகவும் வரலாறு தெரிந்ததாகவும் உள்ள 452 கிடைத்தால், ஒரே வகைத் தோட்டாவைச் சுடுபவருக்கு அது போதுமானது. குழலை மாற்றவோ, தொலைநோக்கி வைக்கவோ, போட்டியில் சேரவோ விரும்புபவருக்கு 457 ஏற்றது. வீட்டில் முன்னரே ஒன்று இருக்குமாயின், காப்புப் பிடி அதே திசையில் இயங்கும் மாதிரியையே தேடுக.

யோசிக்க வேண்டிய கேள்விகள்

1. ரிம்பயர் தோட்டாவில் அழுத்தம் குறைவாயிருப்பது ஏன்?
2. 452-ஐப் பழகியவர் 457-ஐக் கையாளும்போது நேரக்கூடிய தவறு யாது?
3. பழைய ரைபிளை வாங்குமுன் முதலில் செய்யவேண்டிய காரியம் யாது?