'கால்நடை' என்னும் சொல்லுக்கு வெளியே

'கால்நடை' என்னும் சொல் உழவரின் செல்வத்தைச் சுட்டி வளர்ந்தது. மாடும் ஆடும் அதனுள் இயல்பாக அடங்கும். மடியில் உறங்கும் பூனை அடங்குமா என்பது ஐயமே. சொல்லில் உள்ள இவ்விடைவெளி மருத்துவத்திலும் உண்டு.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பெற்றது. நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் 1989இல் தமிழ்நாட்டிலேயே அமைந்தது. ஆயினும் மருத்துவர்களின் தேவையை அளந்த அளவுகோல் வேறு. ஐயாயிரம் கால்நடைகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் எனத் தேசிய வேளாண் ஆணையம் 1976இல் பரிந்துரைத்தது. பாலையும் உழவையும் கருதி எழுந்த கணக்கு அது. வீட்டு நாய் அதன் நோக்கில் இல்லை.

இதன் விளைவைக் காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் காணலாம். அங்கே பல நெசவாளர்க்கு வீடே தறிக்கூடம். அத்தகைய வீட்டில் வளரும் நாய்க்குட்டியைப் பார்வோ நச்சுயிரி தாக்குவதாகக் கொள்வோம். வாந்தியும் குருதிக் கழிச்சலுமாக உடலின் நீர் வற்றும். நரம்புவழி நீர்மம் உரிய நேரத்தில் ஏற்றப்படாவிடில் இரண்டு மூன்று நாள்களில் உயிர் பிரியலாம். இரவில் மருத்துவர் கிடைப்பது அரிது. உயர் சிகிச்சைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேப்பேரியை நாட வேண்டும். நெய்யும் சேலைக்குக் கூலி பெறுபவர் அங்குச் சென்று திரும்பினால், அன்று தறி ஓடாது, கூலியும் இல்லை. குட்டியா, கூலியா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அவரைத் தள்ளுவது வறுமை மட்டுமன்று, தொலைவுந்தான்.

மருத்துவர் எட்டாதபோது மருந்துக்கடை எட்டுகிறது. காய்ச்சலுக்கு மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு அன்போடு புகட்டுவோர் உளர். பூனையின் கல்லீரலால் அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்ற இயலாது. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் பறிக்கக்கூடும்.

இக்குறை விலங்கோடு நிற்பதுமில்லை. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறினால் ஆபத்து வீட்டாரையும் தெருவில் விளையாடும் சிறுவரையும் சூழும். அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து மீண்டவர் மிக அரியர். மனித மருத்துவமனை கடிக்குப் பின்னரே ஊசி போடுகிறது. கடிக்கு முன்னரே நோயைத் தடுக்கும் இடம் விலங்கு மருத்துவமனையே. 1962 என்னும் எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் நல்ல முயற்சி. ஆனால், அவையும் முதன்மையாக உழவர் வாயிலை நோக்கி வகுக்கப்பட்டவையே.

தெரிந்து தெளிவோம்
நாய்க்குட்டிக்குப் பார்வோ தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளிகளில் மீண்டும் போடப்படுகிறது. தாய்ப்பாலின்வழி வந்த எதிர்ப்பாற்றல் தொடக்க ஊசியின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.