செல்போன் அளவும் புலப்படமும்: கல்லிலிருந்து தொடங்குங்க

இயற்கை வேளாண் சான்றுக்கு விண்ணப்பிக்கிற நண்பர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு வயலைச் சுற்றி வருகிறார்கள். புள்ளிகளைப் புலப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் நம்ம கிணறு பக்கத்துக்காரர் நிலத்தில் நிற்கும்! அவர் மருந்து அடிக்கிறவர் என்றால் இடைவெளிப் பட்டையை எங்கே விடுவது என்பதே குழப்பமாகிவிடும்.

இரண்டும் வேறு வேறு கணக்கு, அவ்வளவுதான். புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. கல்லுக்குக் கல் தூரம், ஜி-லைன், அதிலிருந்து பக்கவாட்டு அளவுகள் மட்டும் இருக்கும். போன் உலகத்துக்கே பொதுவான டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் பேசுகிறது. பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்களோ எவரெஸ்ட் கணக்கில் போட்டவை. அதில் உள்ள எண்ணை மாற்றாமல் போனில் போட்டால் நம்ம பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

பொருத்துவதற்கு மென்பொருள் வேண்டாம். புலப்படத்திலும் நிலத்திலும் சந்தேகமில்லாமல் இருக்கிற மூன்று கற்களைத் தேர்ந்தெடுங்க. தென்னை நிழல் இல்லாத கல்லாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் மேலும் ஐந்து நிமிடம் போனை வைத்து, பல அளவுகளின் சராசரியை எடுங்க. நம்ம ஊர்ப் பக்கம் 0.00001 டிகிரி என்பது ஏறக்குறைய 1.1 மீட்டர். அதை வைத்து எல்லாப் புள்ளிகளையும் மீட்டராக்கி, புலப்படத்தின் அளவிலேயே டிரேசிங் தாளில் குறியுங்க. 1:1000 என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். அச்செடுக்கும்போது படம் சுருங்கியிருக்கலாம், ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கணும்.

முதல் கல்லில் குண்டூசி குத்தி, இரண்டாவது கல் ஒரே திசையில் வரும்வரை தாளைத் திருப்புங்க. இந்த இரண்டு கற்களும் எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு நல்லது. 3 மீட்டர் பிழை, 30 மீட்டர் தூரத்தில் திசையை ஆறு டிகிரி வரை திருப்பிவிடும். 200 மீட்டரில் ஒரு டிகிரிகூட வராது.

புலப்படத்தில் 118 மீட்டர், போனில் 120.5 என்றால் போனின் பிழைக்குள் அடங்கும், விட்டுவிடலாம். 130 என்று வந்தால் படத்தை இழுத்துப் பொருத்தாதீங்க. வங்கியில் கணக்கு இடித்தால் கூட்டுத்தொகையையா திருத்துவோம்? கல் நகர்ந்திருக்கலாம், வேறு கல்லாக இருக்கலாம். 586 என்கிற மாதிரி பெரிய எண் இருந்தால் அது லிங்க் கணக்கு. ஒரு லிங்க் 20.12 செ.மீ. மூன்றாவது கல்லும் தன் இடத்தில் உட்கார்ந்தால்தான் பொருத்தம் சரி.

இவ்வளவு செய்தும் சில மீட்டர் பிழை இருக்கும், வரப்பின் அகலமே அவ்வளவு இல்லை. கிணறு, மரம் எங்கே என்று குறிக்க இது போதும். எல்லை ஓரம் அகழி வெட்ட, உயிர்வேலி நட இது போதாது. அதற்குக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளங்க. பக்கத்துக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கட்டணம் கட்டி சர்வேயரை வரவழைத்து, அவரையும் கூட நிறுத்தி அளந்துகொண்ட பிறகே மண்வெட்டியை எடுங்க.