ஆஃப் என்றால் அணைப்பது மட்டுமல்ல

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர். படித்தது முழுக்கத் தமிழ் வழி. ஆனாலும் ஆங்கில இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்குவேன். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் தூக்கத்தில்கூட மாற்றிச் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் போனை எடுத்தேன்.

அந்த வருடச் சித்திரைத் திருவிழாவுக்கு டர்பனிலிருந்து ஒரு குடும்பம் மூன்று அறைகள் சொல்லியிருந்தது. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழியில் வந்த தமிழர்கள். பெயரில் தமிழ் இருந்தது, பேச்சு முழுக்க ஆங்கிலம். வருவதற்குச் சில நாள் இருக்கும்போது அவர்களில் ஒருவர் போன் செய்தார். புக்கிங்கைப் 'புட் ஆஃப்' செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு ஒரு தேதியும் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆஃப் ஒன்றே ஒன்று. லைட்டை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணு. அப்படியென்றால் அறை வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். தேதியை, மறுபடி கூப்பிடப்போகிற நாள் என்று எடுத்துக்கொண்டேன். ரிஜிஸ்டரில் கேன்சல் என்று எழுதி, அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் கேட்டது தள்ளிப்போடச் சொல்லி. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று இரவு பதினோரு பேர் பெட்டி படுக்கையோடு வந்து நின்றார்கள். விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அந்த ராத்திரியில் மதுரையில் அறை தேடுவது எப்படிப்பட்ட காரியம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி சோபாவில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் மாடி ஹாலைத் திறந்து பாய் விரிக்கச் சொன்னார். நான் கைகூப்பி நின்றேன். பாட்டி என் கையைப் பிடித்து, ஒரு ராத்திரிதானே, 'புட் அப் வித்' செய்துகொள்கிறோம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அதுவும் எனக்குப் புரியவில்லை. அவர் முகம்தான் புரிந்தது. பொறுத்துக்கொள்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்பதை மறுநாள் அகராதியில் பார்த்தேன். அதே புட். போனில் ஒரு பொருள், நேரில் வேறொரு பொருள்.

திருவிழா முடிந்ததும் புதுமண்டபத்துப் புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். ஆயிரத்துக்கு மேல் இப்படிப்பட்ட தொடர்கள், அகர வரிசையில். தினம் பத்து என்று கணக்கு வைத்து மனப்பாடம் செய்தேன். இரண்டு மாதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. 'கெட்' வரும் பக்கத்துக்குப் போனதும் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இன்றைக்கும் பிள்ளைகள் அதேபோலப் பட்டியலை வைத்துக்கொண்டு உருப்போடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. உழைப்பு உண்மையானது, வழிதான் தப்பு.

எனக்கு வழி திறந்தது, தமிழ் கற்க வந்து எங்கள் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு மாணவியால். ரூம் பாய் ஒருநாள் என்னிடம், "மேனேஜர்ட்ட என்னயப் போட்டுக் குடுத்துட்டாய்ங்கண்ணே" என்று புலம்பினான். அந்தப் பெண் நோட்டும் கையுமாக வந்து கேட்டார்: எதைப் போட்டார்கள்? யாருக்குக் கொடுத்தார்கள்? போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, கோள் சொல்வதுதான் என்று விளக்கினேன். அப்படியானால் 'வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்றால் புடவையா என்றார். இல்லை, திட்டு. 'விட்டுக்கொடு', 'பார்த்துக்கொள்', 'தட்டிக்கழி' என்று அவர் நோட்டில் வரிசையாக இருந்தன. நான் ஆங்கிலத்தில் எங்கே முட்டி நின்றேனோ, சரியாக அதே இடத்தில் அவர் தமிழில் முட்டி நின்றார். எனக்கு இவற்றையெல்லாம் யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. அடுப்படியிலும் களத்துமேட்டிலும் காதில் விழுந்தவை.

அன்றிலிருந்து என் நோட்டை மாற்றினேன். ஆங்கிலத் தொடருக்கு எதிரே அகராதிப் பொருள் எழுதுவதை நிறுத்திவிட்டு, என் அம்மா அந்த இடத்தில் என்ன சொல்வார் என்று யோசித்து எழுதினேன். லுக் ஆஃப்டர், பார்த்துக்கொள். ரன் அவுட், தீர்ந்துபோ. கிவ் அப் என்றால் விட்டுவிடு. கிவ் இன் என்றால் மசிந்து விட்டுக்கொடு. டெல் ஆன், போட்டுக்கொடு. டெல் ஆஃப், வைவது. கெட் பை என்பதற்கு அகராதி ஏதேதோ சொன்னது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே சொல்: காலத்தை ஓட்டுவது. அப்படி எழுதிய பிறகு மறந்ததே இல்லை. ஏற்கெனவே மனசில் இருந்த சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

வரிசையையும் மாற்றினேன். அகர வரிசை போய், இடத்தை வைத்துப் பக்கம் பிரித்தேன். ரிசப்ஷனுக்கு ஒரு பக்கம்: செக் இன், செக் அவுட், ஃபில் இன், ஹோல்ட் ஆன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பக்கம்: கெட் ஆன், கெட் ஆஃப், பிரேக் டவுன், பிக் அப், டிராப் ஆஃப். குடும்பச் சண்டைக்கு ஒரு தனிப் பக்கம் தேவைப்பட்டது. ஃபால் அவுட் என்றால் மனஸ்தாபமாகிப் பிரிவது, மேக் அப் என்றால் ராசியாவது. மேக்கப் என்றால் முகப்பூச்சு என்று மட்டும் நினைத்திருந்தவனுக்கு அது பெரிய செய்தி.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். இந்தத் தொடர்கள் நமக்கு அந்நியமே இல்லை. மில் கேட்டில் லாக் அவுட் நோட்டீஸ், சட்டசபையில் வாக் அவுட், போலீஸ் ஸ்டேஷனில் லாக்கப், தெருமுனையில் கட் அவுட். பெயர்ச்சொல்லாகத் தெரிந்தவற்றை வினையாகப் பிரித்துப் பாருங்கள். கட் அவுட் என்றால் வெட்டி எடுப்பது; லாக் அவுட் என்றால் பூட்டிவிட்டு வெளியே நிறுத்துவது. ஆரம்பிப்பவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அதைவிட, 'ஆஃப் பண்ணு' என்கிறோமே, அதை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது ஸ்விட்ச் ஆஃப். நம் மக்கள் ஸ்விட்ச்சைத் தள்ளிவிட்டு ஆஃபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொருளின் உயிர் அந்தச் சின்னச் சொல்லில் இருப்பதைக் காது சரியாகப் பிடித்திருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்திலும் 'ஆஃப் தி லைட்' என்று சொல்லிவிடுகிறோம். அங்கே வினையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சின்னச் சொற்களுக்கு ஒரு மணம் உண்டு. ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப் என்பவற்றில் வரும் அப், நம் 'சாப்பிட்டுவிடு', 'குடித்துவிடு' என்பதில் வரும் 'விடு' மாதிரி, மிச்சமில்லாமல் முடிப்பது. எல்லா அப்பும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று முக்கியம். அவன், அவள், அது போன்ற சுட்டுச்சொல் வந்தால், பல தொடர்களில் அது நடுவில் போகும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் ஹெர்' பிரியாது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பொதுவாக ஆஃப், அப், அவுட் பிரியும். ஆஃப்டர், இன்ட்டு பிரியாது. இதைக் கண்டு மலைக்க வேண்டாம். நாமும் "கொஞ்சம் விட்டுத்தான் கொடேன்" என்று நடுவில் நுழைக்கிறவர்கள்தான்.

பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது: 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வெளிநாட்டவருக்கு மிகவும் கடினமானவை இந்த மாதிரித் தொடர்கள்தான் என்று குறித்திருக்கிறார். இவற்றைக் குறிக்க 'பிரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் புத்தகத்தில் பயன்படுத்தினார். அந்த முன்னுரைச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. குறை என்னுடையது மட்டுமல்ல.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால், அந்த வருடம் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும். பயிற்சி முடித்த ராணுவத்தாருக்கு அங்கேயும் அந்தச் சொல் உண்டு. கல்லூரிக்கு 'கிராஜுவேட்டட்' என்பதே பத்திரம். 'கோப் அப் வித்' என்று சேர்க்கும் அப்பும் வேண்டாம், 'கோப் வித்' போதும். விண்ணப்பக் கடிதத்தில் 'போஸ்ட்போன்' எழுதுங்கள்; போனில் 'புட் ஆஃப்' காதில் விழும் என்று எதிர்பாருங்கள். நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறாக இருப்பதுபோலத்தான். புரியாதபோது பொருளைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேதியைத் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: அப்படியானால் திங்கள் இல்லை, வியாழன் வருகிறீர்கள், சரிதானே? அந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் பாட்டி கட்டிலில் படுத்திருப்பார்.

இப்போது அந்த ரிசப்ஷனில் மேலூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். என் நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எடுத்துக் காட்டினான். 204ஆம் அறைக்காரர் ஏசி 'ஆக்டிங் அப்' என்று சொன்னாராம். அகராதியில் தேடாமல், ஆளை அனுப்பி ஏசியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, எதிரே அவனே எழுதியிருந்தான்: மக்கர் பண்ணுது.