பெட்டியைச் சுற்றி ஏன் இத்தனை தேனீக்கள்?

பெங்களூருவில் தோட்டம் உள்ள சில வீடுகளில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் பழங்காலமாக வளர்வது இந்தியத் தேனீ. இதை அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள்.

திடீரென ஒரு நாள் பெட்டியைச் சுற்றித் தேனீக்கள் மொய்க்கும். இரைச்சல் கேட்கும். அக்கம்பக்கத்தார் பயப்படுவார்கள். சிலர் தீப்பந்தம் எடுப்பார்கள். சிலர் பூச்சிமருந்து அடிப்பார்கள். ஒரு குடும்பத்தின் உழைப்பு அதோடு போய்விடும்.

அவசரப்படாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். இப்படி மொய்ப்பதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு.

1. இளந்தேனீக்களின் பறப்பு

பிற்பகலில் இளந்தேனீக்கள் பெட்டி வாசலைப் பார்த்தபடி பறக்கும். தம் வீட்டின் அடையாளத்தைக் கற்றுக்கொள்கின்றன. சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

2. குடி பிரிதல்

பூக்கள் மிகுந்த காலத்தில் தேனீக்கள் பெருகும். பெட்டியில் இடம் போதாது. வேலைக்காரத் தேனீக்கள் புது ராணியை வளர்க்கும். அடையின் அடி ஓரத்தில் ராணி அறைகள் விரல் நுனி போலத் தொங்கும்.

நம் வீடுகளில் மகள் புகுந்த வீடு போவாள். தேனீ வீட்டில் தாய் போகிறாள். பழைய ராணி ஒரு பெரும் கூட்டத்தோடு வெளியேறும். வீடும் அடையும் மகளுக்கு.

வெளியேறிய கூட்டம் அருகில் ஒரு கிளையில் கொத்தாகத் தொங்கும். சில தேனீக்கள் புது இடம் தேடிப் போகும். இந்தக் கூட்டத்துக்குக் காவல் காக்க அடையும் இல்லை, புழுவும் இல்லை. சீண்டாவிட்டால் பெரும்பாலும் கொட்டாது. பழகியவர் அதைக் காலிப் பெட்டியில் இறக்கலாம். ஒரு பெட்டி இரண்டு பெட்டி ஆகும்.

3. தேன் திருட்டு

பூ குறைந்த காலத்தில் வேறு பெட்டித் தேனீக்கள் திருட வரும். வாசலில் சண்டை நடக்கும். செத்த தேனீக்கள் கீழே கிடக்கும். உடனே வாசலைச் சிறிதாக்குங்கள். தேனையும் சர்க்கரைப் பாகையும் வெளியே சிந்தாதீர்கள். பாகு வைப்பதானால் மாலையில் பெட்டிக்குள் வையுங்கள்.

4. ஓடிப் போதல்

இதில் மொத்தக் கூட்டமும் போய்விடும். பசி, வெயில், எறும்பு, மெழுகுப் பூச்சி, நோய் ஆகியவை காரணம். பெட்டியை நிழலில் வையுங்கள். பெட்டிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஏறாது. தேன் முழுவதையும் எடுத்துவிடாதீர்கள்.

1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஒரு வைரஸ் நோய் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பை போல ஆகிச் செத்தன. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மாநிலங்களில் ஏராளமான பெட்டிகள் காலியாயின. பல குடும்பங்கள் வருமானம் இழந்தன. ஆகவே நோய் கண்ட பெட்டியின் அடையை வேறு பெட்டியில் வைக்காதீர்கள்.

எச்சரிக்கை

உயர்ந்த கட்டடங்களிலும் பெரிய மரங்களிலும் ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. இது பெட்டித் தேனீ அல்ல. சீண்டினால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். கல் எறியாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேனீ வளர்ப்புத் துறையில் கேட்கலாம்.

விடை கூறுங்கள்

1. குடி பிரியும்போது பெட்டியை விட்டுப் போவது எந்த ராணி?
2. தேன் திருட்டை எப்படி அடையாளம் காண்பீர்கள்?
3. குடி பிரிதலுக்கும் ஓடிப் போதலுக்கும் என்ன வேறுபாடு?
4. உங்கள் தெருவில் தேனீக் கூட்டம் தொங்கினால் என்ன செய்வீர்கள்? கூடிப் பேசுங்கள்.