மருந்து இலவசம், பிறகேன் தயக்கம்?

கேள்வி: புத்தளம் கரையோரத்தில் எச்.ஐ.வி. சிகிச்சையைச் சிலர் இடையில் விட்டுவிடுவது ஏன்?

பதில்: அரசு கிளினிக்குகளில் மருந்து இலவசம். தடுப்பது பெரும்பாலும் ஊர்வாய்தான். 2016-இல் அயல் மாவட்டமான குருநாகலின் குளியாப்பிட்டியில், வெறும் வதந்தியை நம்பி, தொற்றே இல்லாத சிறுவனைப் பாடசாலைகள் ஏற்க மறுத்தன. அதைக் கேள்விப்பட்டவர், கிளினிக் வாசலில் தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று அஞ்சமாட்டாரா?

கற்பிட்டி, உடப்புப் பகுதி மீனவர்களுக்குத் தொழிலும் தடை. பருவம் மாறினால் வாடியும் மாறும். கிளினிக் திகதி தவறும். தமிழ் பேசுபவருக்குச் சிங்களத்தில் மட்டும் விளக்கம் கிடைத்தால் சந்தேகங்கள் தீராது.

மருந்தை இடைவிட்டால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு மசியாமலும் போகலாம். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. வெளியூர் போகுமுன் கிளினிக்கில் சொல்லி, கூடுதல் நாட்களுக்கு மருந்து கேட்கலாம்.