உப்பளத்தில் ஒரு திரைப்படம்

கேள்வி: உப்பளத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த நான், விலை குறைந்த கேமராவால் திரைப்படம் எடுக்க இயலுமா?
– ஒரு வாசகர், மரக்காணம்

பதில்: சந்தேகமின்றி இயலும். ஃபிலிம் சுருளுக்குப் பெருந்தனம் செலவிட வல்லவர்க்கே நெடுங்காலம் உரித்தாயிருந்த இக்கலை, புகைப்படக் கேமராவிலேயே உயர்தர வீடியோவும் பதிவாகத் தொடங்கிய 2008-ஆம் ஆண்டுக்குப் பின் ஏனையோர்க்கும் சித்திப்பதாயிற்று. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) அத்தகைய கேமராவால் எடுக்கப்பட்டே, சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆயினும், நண்பகல் வெயில் உப்புக் குவியல்மேல் பட்டுத் தெறிக்கும்போது வெண்மையின் நுட்பங்களெல்லாம் மலிவான கருவியில் அழிந்துபோமாதலால், காலையிலும் அந்தியிலுமே படம் பிடியுங்கள். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும், தினந்தோறும் துடைத்து வையுங்கள். மிஞ்சும் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்குங்கள். கடற்காற்றில் வசனம் கேளாமற்போனால் அத்தனை சிரமமும் வியர்த்தமாகும். உங்கள் வீட்டாரின் உழைப்பை உங்களினும் நன்கறிந்து காட்டவல்லார் எவருமிலர், இப்போதே தொடங்குங்கள்.