512 எம்பியில் 10 ஜிபி

சந்தாபுராவில் அறை எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவரா? பேக்எண்ட் இன்டர்வியூவில் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கலாம்: "கிளவுடில் 10 ஜிபி ஃபைல் இருக்கிறது. கன்டெய்னருக்கு 512 எம்பி மெமரிதான். எப்படிப் படிப்பீர்கள்?" மெமரியைக் கூட்டச் சொல்வேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாளை 50 ஜிபி வந்தால் என்ன செய்வீர்கள்? ஃபைல் எவ்வளவு பெருத்தாலும் மெமரி ஏறக்கூடாது. இன்டர்வியூ எடுப்பவர்கள் கேட்க விரும்புவது அதைத்தான்.

டேங்கர் லாரி வந்தால் தண்ணீரைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் பிறகா தொட்டியில் ஊற்றுகிறோம்? குழாய் போட்டு நேராகத் தொட்டிக்கு விடுகிறோம். பைத்தானில் அமேசான் எஸ்3 தருவதும் குழாய்தான். ஆப்ஜெக்டைக் கேட்டால் கைக்கு வருவது திறந்திருக்கும் இணைப்பு. அதில் அளவு சொல்லாமல் ரீட் என்று அழைத்தால் மொத்த ஃபைலும் மெமரிக்குள் வந்து விழும். அதற்குப் பதில், துண்டுகளாகத் தரும் மெத்தடை அழைத்து, ஒவ்வொரு துண்டாக வாங்கி, வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். துண்டின் அளவை நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்த மெத்தடில் ஒரு துண்டுக்கு 1,024 பைட்தான் வரும், பெரிய ஃபைலுக்கு அது ஆமை வேகம். 1 எம்பி, 8 எம்பி என்று வைத்துப் பாருங்கள். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலோ ஸ்ட்ரீம் என்பதை ட்ரூ ஆக்க மறந்தால், அதன்பின் எத்தனை துண்டு போட்டாலும் பயனில்லை. முழுவதும் ஏற்கெனவே மெமரிக்கு வந்திருக்கும்.

இங்கே தமிழ் டேட்டாவுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. யுடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், 'க'வுக்கு 3, 'கி'க்கு 6. 8 எம்பி என்பது 83,88,608 பைட், 3ஆல் வகுபடாத எண். துண்டின் விளிம்பில் ஓர் எழுத்து பாதியாக வெட்டுப்படலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக டீகோட் செய்தால் எரர் வரும், இல்லையேல் எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். ஆங்கில ஃபைலில் மட்டும் டெஸ்ட் செய்த கோட் எல்லா டெஸ்டிலும் பாஸாகிவிட்டு, தமிழோ கன்னடமோ வந்த அன்றைக்குக் கவிழும். இன்கிரிமென்டல் டீகோடர் போடுங்கள். மிச்சமான பைட்டை அடுத்த துண்டுக்கு அது பத்திரமாகக் கொண்டுபோகும். வரி வரியாகப் பிரித்தாலும் சரிதான், புதுவரிக்கான பைட் ஒருபோதும் தமிழ் எழுத்துக்குள் வராது. இன்டர்வியூவில் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள், மனத்தில் நிற்பீர்கள்.

பாதியில் இணைப்பு அறுந்தால்? ரேஞ்ச் ஹெடரில் விட்ட இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். 206 வந்தால் தொடரலாம். 200 வந்தால் சர்வர் முதலிலிருந்து அனுப்புகிறது என்று பொருள். பழையதோடு ஒட்டினால் ஃபைல் பாழ். இடையில் ஃபைலே மாறியிருக்கலாம் என்பதால் ஈடேகையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு கோட் எழுதும் முன் கேட்க வேண்டியது வேறு: நடுவில் நம் சர்வர் எதற்கு? பயனருக்கு ஃபைல் மட்டும் போதுமென்றால் கையெழுத்திட்ட யுஆர்எல் ஒன்றைக் கொடுங்கள், எஸ்3இலிருந்து அவரே இறக்கிக்கொள்வார். அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள். தற்காலிகச் சாவியில் கையெழுத்திட்டிருந்தால் அந்தச் சாவி சாகும்போது யுஆர்எல்லும் சாகும். செலவும் பாருங்கள். மும்பை ரீஜனில் இருக்கிற பக்கெட்டை அங்கேயே ஓடும் மெஷினிலிருந்து படித்தால் டேட்டா கட்டணம் இல்லை. சந்தாபுரா அறையிலுள்ள லேப்டாப்புக்கு இழுத்தால், இலவச அளவு தாண்டியதும் ஒவ்வொரு ஜிபிக்கும் பில் ஏறும். மேனேஜர் கேட்கும் முன் இதைச் சொல்கிறவருக்கு நல்ல பெயர்.

பழகுவதற்குக் காசு வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவின் முழு டம்ப்பும் விக்கிமீடியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டாக்கரில் 128 எம்பி வரம்பு வைத்து, இறக்கும்போதே விரித்து, கட்டுரைத் தலைப்புகளை எண்ணிப் பாருங்கள். கன்டெய்னர் 137 என்ற எக்ஸிட் கோடோடு நின்றால், பெரும்பாலும் மெமரி போதாமல் கெர்னல் கொன்றிருக்கிறது. துண்டு போட்டும் அப்படி நேர்ந்தால் டம்ப்பின் எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் இடத்தைப் பாருங்கள்: படித்து முடித்த எலிமென்ட்டை கிளியர் செய்யாமல் விட்டிருப்பீர்கள்.